விதையை மட்டுமே தின்னும் கிளியைக் காய்கறிக்கும் பெல்லட்டுக்கும் பழக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால்: எட்டு வயது காக்டெயில் (cockatiel, கொண்டை வைத்த சின்னக் கிளி). வந்த நாளிலிருந்து விதைக் கலவைதான். காய் வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பெல்லட்டை, அதாவது சத்துகளைச் சேர்த்து உருட்டிய கடைத் தீனியை, கிண்ணத்தோடு கவிழ்த்துவிடுகிறது. எட்டு வயதுக்குமேல் மாறுமா? "பசி எடுத்தால் தானாகத் தின்னும், இரண்டு நாள் விதையை நிறுத்திப் பாருங்கள்" என்கிறார்கள், செய்யலாமா?

செய்யாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பஞ்சுவும் காக்டெயில்தான். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது அடிக்கடி தும்மல் வந்தது. டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். பறவைக்கு மேலண்ணத்தின் நடுவே ஒரு பிளவு உண்டு. அதன் இரு ஓரத்திலும் சின்னச் சின்ன முள் போல வரிசையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பஞ்சுவுக்கு அந்த முட்கள் தேய்ந்து மழமழவென்று இருந்தன. வைட்டமின் ஏ பற்றாக்குறை, ஏழு வருடம் விதை மட்டும் தின்றதன் விளைவு என்றார். அந்தச் சத்து குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுப்பாதையின் உள்தோல் தடித்துப்போகும். கிருமியைத் தடுக்கும் வேலையை அது செய்யாது. தும்மல் அதன் முதல் அறிகுறிதானாம்.

அன்று மாலையே விதையை எடுத்துவிட்டுப் பெல்லட்டை வைத்தேன். பறவை விற்றவர் சொன்ன அதே யோசனை: பசித்தால் தின்னும். கிண்ணத்தைச் சுற்றிக் கொஞ்சம் தூள் கிடந்ததைப் பார்த்துச் சாப்பிடுகிறான் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் காலை தராசில் நிறுத்தினேன். 92 கிராம் இருந்தவன் 84. கூண்டின் அடித்தாளில் எச்சம் நாலைந்துதான், அதுவும் கடுகளவு, கரும்பச்சையாக. தின்னாத பறவையின் எச்சம் அப்படித்தான் இருக்கும். அவன் பெல்லட்டைக் கடித்து உடைத்துப் போட்டிருக்கிறான், ஒன்றையும் விழுங்கவில்லை. உடனே விதையைத் திரும்ப வைத்தேன். தலையைத் தூக்காமல் அவன் தின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

அது பிடிவாதம் இல்லை. பெல்லட் ஓர் உணவு என்பதே அவனுக்குத் தெரியாது. கூட்டத்தில் வளரும் குஞ்சு பெரியவற்றைப் பார்த்துத்தான் எதைத் தின்னலாம் என்று கற்கிறது. கூண்டில் வளர்ந்தது கற்றது விதை ஒன்றைத்தான். நமக்கு முன்னால் யாராவது ஒரு கிண்ணம் கூழாங்கல்லை வைத்தால் பசியில் அதைத் தின்னப் பழகிவிடுவோமா? கிளிக்குப் பெல்லட் அப்படித்தான். காக்டெயில், பட்ஜி (budgie, அதைவிடச் சின்னக் கிளி) போன்ற சின்ன உடம்புக்கு ஓரிரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து. நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே பட்டினியில் செத்துப்போகலாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பெல்லட் இல்லை, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு. காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். தராசின் மேல் ஒரு கம்பைப் பொருத்திவிட்டால் தானே ஏறி உட்காரும். முதல் ஒரு வாரம் உணவில் எதையும் மாற்றாமல் எடையை மட்டும் எழுதி வாருங்கள், வழக்கமான எடை எதுவென்று தெரிந்துவிடும். ஒரு கிராம் இரண்டு கிராம் ஏறி இறங்குவது சகஜம். அதற்குமேல் இறங்கிக்கொண்டே போனால் விதையைக் கூட்டிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே நோயில் இருக்கிறது, இறகு உதிர்க்கிறது, முட்டை வைத்திருக்கிறது என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

"காட்டில் அது விதைதானே தின்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் காக்டெயில்கள் தரையில் மேய்ந்து புல்விதைகளைத்தான் பெரும்பாலும் தின்கின்றன. ஆனால் அது பலவகைப் புல்லின் விதை, பால் பிடித்த இளம் விதையும் அதில் உண்டு. இரை தேடி, தண்ணீர் தேடி, நாளெல்லாம் பறக்கவும் செய்கின்றன. கூண்டில் இருப்பதற்குக் கிடைப்பதோ காய்ந்த மூன்று நான்கு வகை விதை, எட்டடி தூரப் பறத்தல். சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கலவையில் எத்தனை வகை இருந்தாலும் கிளி அதைத்தான் முதலில் பொறுக்கும். கொழுப்பு ஈரலில் படியும். கால்சியமோ விதையில் மிகக் குறைவு, முட்டையிடும் பெட்டைக்கு இது பெரிய ஆபத்து, முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். "வைட்டமின் சேர்த்த விதை" என்று போட்டிருந்தாலும் அந்தப் பூச்சு பெரும்பாலும் தோலின்மேல் இருக்கிறது. கிளி தோலை உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பைத்தானே தின்கிறது?

தோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விதைக் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தெரியும், ஊதிப் பார்த்தால் மேலே முழுக்க வெறும் உமியாக இருக்கும். தினமும் ஊதிப் பாருங்கள்.

இனி, எனக்கு எது பலித்தது என்று சொல்கிறேன். முதலில் நாள் முழுக்க விதை கிடப்பதை நிறுத்தினேன். காலையும் மாலையும் இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம். மொத்த அளவு பழையதுதான், நேரம் மட்டும் மாறியது. இடையில் கூண்டில் இருப்பது காயும் பெல்லட்டும். காலை எழுந்ததும் பசி அதிகம் இருக்கும், அந்த நேரத்தில் முதலில் காயை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து விதை.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கேரட் துண்டைக் கண்டால் கொண்டையைத் தூக்கிக்கொண்டு கம்பின் மறுகோடிக்கு ஓடுவான். பிறகு ஒருநாள் கொத்தமல்லித் தழையைக் கழுவி, நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல்கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அவன் மெல்ல நகர்ந்து வந்து நெஞ்சை அதில் தேய்த்தான். அடுத்து முதுகு. இலைக்குள் புகுந்து குளித்தே விட்டான்! குளித்து முடித்து இறகைக் கோதும்போது அலகில் ஓர் இலை ஒட்டியிருந்தது. நாக்கால் அதைப் புரட்டினான், கீழே போட்டான், எட்டி இன்னொன்றைக் கிள்ளினான். விழுங்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காம்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

கிழித்துப் போடுவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தொடுவது, கடிப்பது, துப்புவது, கடைசியில் விழுங்குவது என்று அந்த வரிசையில்தான் அது போகும். கிளிக்கு நாக்கில் சுவை மொட்டுகள் நமக்கு இருப்பதைவிட மிகக் குறைவு, அதனால் கடிக்கும்போது எப்படி இருக்கிறது என்பதற்கு நிறைய மதிப்பு. ஒரே கேரட்டைத் துருவி, வேகவைத்து, வட்டமாக, நீளக் குச்சியாக என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பஞ்சு துருவியதை மட்டும்தான் ஏற்றுக்கொண்டான், அதுவும் ஈரம் ஒற்றி எடுத்த பிறகு. பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், கரும்பச்சைக் கீரைகள் எல்லாம் அந்த வைட்டமின் ஏ குறையை நேராகத் தீர்ப்பவை. மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, பயப்படாமல் கொடுக்கலாம். பழம் கொஞ்சமாகப் போதும்.

காய்க்கும் விதைக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது: முளைகட்டிய விதை. அவன் அறிந்த அதே விதை, ஆனால் ஈரம் உண்டு, கொழுப்பு குறைவு. இரவு ஊறவைத்து, பிறகு நாளுக்கு மூன்று முறை அலசி, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் கொடுங்கள். லேசாக வாடை அடித்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பெல்லட் இந்த வழியாகத்தான் உள்ளே போனது. பெல்லட்டைப் பொடித்து ஈரமான முளைவிதையில் புரட்டினேன். காய்ந்த விதையில் தூவினால் பொடி அடியில் போய்த் தங்கிவிடும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வாரம் போகப் போகப் பொடியைக் குருணையாக்கினேன், பிறகு முழு உருண்டை. ஈரமான எதையும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் கூண்டில் விடாதீர்கள்.

கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். இது பலருக்கு விளையாட்டாகத் தெரியும், எனக்கோ தழைக்கு அடுத்தபடியாகப் பலன் தந்தது இதுதான். மேசையில் ஒரு தட்டையான தட்டில் காயைப் பரப்பி, நான் ஒரு பட்டாணியை எடுத்து மெதுவாக மெல்வேன், விரலால் மற்றதைத் தட்டிக்காட்டுவேன். காக்டெயிலும் பட்ஜியும் தரையில் மேய்கிறவை என்பதால் ஆழமான கிண்ணத்தைவிடத் தட்டைத்தான் நம்பி இறங்கும். தனியாக இருக்கும் பட்ஜிக்குக் கண்ணாடியைப் படுக்கவைத்து அதன்மேல் பெல்லட்டைத் தூவுவார்கள், எதிரே இன்னொரு பட்ஜி கொத்துவதாக நினைத்து அதுவும் கொத்தும்.

காய் தின்னத் தொடங்கியதும் எச்சத்தில் நீர் கூடும். அது பேதி இல்லை. எச்சத்தில் திடப் பகுதி, வெள்ளைப் பகுதி, நீர் என்று மூன்று உண்டு. திடப் பகுதி உருவத்தோடு இருக்கும்வரை கவலை வேண்டாம். பெல்லட் உள்ளே போனால் அது பழுப்பாகும். தின்கிறதா இல்லையா என்பதற்குக் கிண்ணத்தைவிட நம்பகமான சாட்சி இதுதான்.

அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, உப்பிட்ட நொறுக்குத்தீனி எதுவும் துளிகூட வேண்டாம். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள். தேனும் மகரந்தமும் உண்ணும் லோரி வகைக்கு இந்தப் பதில் பொருந்தாது, அவற்றின் உணவே வேறு.

எட்டு வயதுக்குமேல் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். மாறும். பஞ்சுவுக்கு ஐந்து மாதம் ஆனது, நடுவில் இருமுறை எடை இறங்கி நான் பின்வாங்கினேன். இப்போது ஏறக்குறைய பாதி பெல்லட், மீதியில் பெரும்பங்கு காய், கொஞ்சம் விதை. தினைக் கதிரைக் கூண்டில் வைப்பதே இல்லை, என் கையிலிருந்து மட்டும்தான், அதுவும் தராசில் ஏறி நின்ற பிறகு. காலையில் கூண்டைத் திறந்தால் நேராகப் பறந்து வந்து தராசின்மேல் உட்கார்ந்துகொள்கிறான். இன்று 91.