10 வயதுப் பையனை பாக்ஸிங்கில் சேர்க்கலாமா?

கேள்வி: தெருப் பசங்களைப் பார்த்துவிட்டு என் 10 வயது மகன் பாக்ஸிங் கிளாஸ் போக வேண்டும் என்று ஒரே அடம். தலையில் அடிபடுமே என்று அவன் பாட்டி பயப்படுகிறார். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: சேருங்கள். ஆனால் பாட்டியின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், நியாயமான பயம் அது. அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011-ல் சேர்ந்தே சொன்னது, சிறுவர்களுக்கு பாக்ஸிங் வேண்டாம், ஏனென்றால் தலையில் அடிப்பதற்கே புள்ளி தருகிற விளையாட்டு இது என்று. எனக்கும் ஸ்பாரிங்தான் கவலை, அதாவது இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் குத்திப் பழகுவது; மற்ற பயிற்சி அல்ல. ஸ்கிப்பிங், கால் வேலை, காற்றில் குத்துவது, பையைக் குத்துவது, கோச் கையில் பிடிக்கும் பேடில் குத்துவது என்று தலையில் ஒரு அடிகூட வாங்காமல் வருஷக்கணக்கில் கற்றுக்கொள்ள இருக்கிறது.

அதனால் கோச்சிடம் முதல் நாளே, ஸ்பாரிங் எப்போது, யாரோடு, யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள். "பயம் போகட்டும்" என்று பெரிய பையனோடு மோதவிடும் இடம் என்றால் அன்றைக்கே திரும்பி வந்துவிடுங்கள். ஹெட்கார்டு போட்டால் போதும் என்பார்கள், அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, தலைசுற்றல், பேச்சில் குழப்பம் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை கிளவுஸைத் தொடவே விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடச் சொன்னால் கண்டிப்பாக ஒத்துக்கொள்ளாதீர்கள், வளரும் பிள்ளை அது.