புதைந்த கேபிளில் பழுது எங்கே?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு வரும் நிலத்தடி மின்கேபிள் பழுதானபோது, ஒரு முனையில் கருவியை இணைத்துப் பார்த்துவிட்டு 680-ஆவது மீட்டரில் பழுது என்றார்கள். அங்கே தோண்டினால் கேபிள் நன்றாகவே இருந்தது. கருவி ஏன் தவறியது?

பதில்: கருவி சொன்ன தொலைவு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும், அதை நிலத்தின் மேல் அளந்து குறித்த விதத்தில்தான் பிசகு நேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கருவி கேபிளுக்குள் மிகக் குறுகிய மின்துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. கம்பி அறுந்த இடத்திலோ, ஒன்றோடொன்று ஒட்டிய இடத்திலோ அத்துடிப்பு மோதித் திரும்பும். திரையில் கோடு மேலெழுந்தால் அறுந்திருக்கிறது, கீழிறங்கினால் ஒட்டியிருக்கிறது என்று பொருள். இன்றைய பிளாஸ்டிக் காப்புள்ள கேபிள்களில் துடிப்பு மைக்ரோ விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் ஓடுகிறது. போய்வர 8 மைக்ரோ விநாடி ஆனால், அதில் பாதி நேரத்துக்குரிய தொலைவு 680 மீட்டர்.

ஆனால் இது கேபிளின் நீளமே தவிர, தெருவின் நீளமன்று. பதிக்கும்போது நெளிவாக இட்டிருப்பார்கள்; ஒவ்வொரு ஜாயிண்ட் அருகிலும் பிற்பாடு வெட்டி இணைக்க உதவும் என்று ஒரு சுருளை விட்டிருப்பார்கள். இவற்றைப் பதிவேட்டில் குறிக்காமல் விடுவது, வருங்காலத்தில் அங்கே கடப்பாரையோடு வருபவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். துடிப்பின் வேகத்தை 1 விழுக்காடு தவறாகக் கணித்தாலும் 7 மீட்டர் தள்ளிப்போய்விடும்.

ஆகவே, தொலைவு தெரிந்த பின்னும் சரியான இடத்தைத் தனியே தேடித்தான் ஆக வேண்டும். மின்தேக்கியில் சேர்த்த உயர் மின்னழுத்தத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை கேபிளுக்குள் விடுவார்கள். பழுதான இடத்தில் பொறி தெறித்து, மண்ணுக்குள் 'தொம்' என்று ஓர் ஓசை எழும். ஒருவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அதன் உணரியைத் தரையில் ஊன்றி ஊன்றி அடி அடியாக நகர்வார். ஒவ்வொரு பொறியோடும் எழும் காந்த அலை உடனே வந்துவிடும், ஓசையோ மண்ணில் மெதுவாகவே வரும். இரண்டுக்கும் இடையிலான நேரம் எங்கே மிகக் குறைவோ, அங்கே காலடியில் இருக்கிறது பழுது. கேபிள் குழாய்க்குள் சென்றால் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஓசை குழாயின் வாய்வழியே வெளிவந்து ஏமாற்றிவிடும்.

கேள்வி: இப்படி உயர் மின்னழுத்தத்தால் அடிப்பது நல்ல பகுதியையும் கெடுக்காதா?

பதில்: கெடுக்கும், அளவு மீறினால். 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட முதல் தந்திக் கேபிள் ஏற்கெனவே பலவீனமான காப்போடு இருந்தது. அதில் அந்தக் கேபிள் நிறுவனத்தின் மின்வல்லுநரான வைல்ட்மேன் வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் வரை செலுத்தியது அதன் அழிவை விரைவுபடுத்தியது. மூன்று வாரமளவில் அது மௌனமாயிற்று. முதுமையடைந்த கேபிளின் காப்பில் ஏற்கெனவே கீறல்கள் இருக்கக்கூடும். அதனால் முதலில் காப்பின் மின்தடையை அளப்பது, பழுதான இடத்தில் பொறி தெறிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவது, தொலைவை முன்னரே கண்டுகொண்டு அடிக்கும் நேரத்தைச் சுருக்குவது ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: கடலுக்கடியில் காதை வைக்க முடியாதே?

பதில்: அங்கே கரையிலிருந்தே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பது கேபிளை இடும்போதே பதிவாகியிருக்கும். கடல்நீர் கம்பியைத் தொட்ட இடம் வரையிலான தடையை அளந்து, அதை இந்த எண்ணால் வகுத்தால் தொலைவு கிடைக்கிறது. நீர் புகுந்த இடத்திலும் சிறிதளவு தடை உண்டு என்பதால் இரு கரையிலிருந்தும் அளந்து ஒப்பிடுவது நல்லது. பின்னர்க் கரையிலிருந்து குறைந்த அதிர்வெண்ணுள்ள மின்னோட்டத்தை அனுப்ப, கப்பலிலிருந்து இறக்கிய உணரி அதன் காந்தப்புலத்தைப் பின்தொடர்ந்து செல்லும். பழுதைத் தாண்டியதும் அந்தக் குறி தேய்ந்துபோகும். ஆழ்கடலில் கேபிளை அடியிலேயே வெட்டி, கொக்கியால் ஒவ்வொரு முனையாக மேலே தூக்கி, இடையில் புதிய துண்டை வைத்து இணைத்துத் திரும்ப இறக்குவார்கள். மேலே தூக்க வேண்டியிருப்பதால் கடலின் ஆழத்தைக் காட்டிலும் நீளமான துண்டு தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் நீளத்தைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே கப்பல் கிளம்ப வேண்டும்.