புதிர் விளையாட்டுகளின் முதல் கட்டங்கள் ஏன் மிக எளிதாக இருக்கின்றன?

ஓய்வு நேரத்தில் ஆடும் எளிய உத்தி, புதிர் விளையாட்டுகளின் தொடக்கக் கட்டங்கள், விதிகளை ஆட்டத்தின் வழியாகவே கற்பிக்கும் பாடங்கள். பல புதிய விதிகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்துவது எவருக்கும் கடினம் என்பதால், வடிவமைப்பாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறார்கள். செடிகளை நட்டு, வீட்டை நோக்கி வரும் ஸோம்பிகளை (நடமாடும் பிணங்களை) தடுக்கும், 2009இல் வெளியான 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்' விளையாட்டின் முதல் கட்டத்தில் ஒரே ஒரு புல்வரிசையும், பட்டாணி எய்யும் ஒரே வகைச் செடியும்தான் இருக்கும். சூரியகாந்தி அடுத்த கட்டத்தில் வரும், ஐந்து வரிசைகளும் அதன் பின்னரே திறக்கும். இவ்வளவு நேர்த்தியான அறிமுகத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். மலேசியாவின் பினாங்கில் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகத்தில்) புதிதாகச் சேர்ந்தவர், தே தாரிக் எனும் பால் தேநீரை முதலில் குறைந்த உயரத்தில் ஆற்றிப் பழகி, கை நிதானப்பட்ட பிறகே உயர்த்துவதைப் போன்றது இது. தொடக்கம் எளிதாக இருப்பதால் இத்தகைய விளையாட்டு சிறுவர்களுக்கானது என்று பலர் கருதிவிடுகிறார்கள்; ஆனால் உண்மையான உத்தி, கற்ற விதிகளுள் எதற்கு முன்னுரிமை தருவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய பிந்தைய கட்டங்களில்தான் தேவைப்படுகிறது.