ஜவுளிக்கடையில் உட்காரவே விடுவதில்லை. சீரியலில் வருவது மாதிரி எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்தினால் காரியம் நடக்குமா?

கேள்வி கேட்டவரின் தங்கை கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் காலை 9 முதல் இரவு 9 வரை நிற்கிறார். உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் 50 ரூபாய் பிடிக்கிறார்களாம்.

நடக்கும். ஆனால் சீரியலில் வருகிற வரிசையில் நடக்காது. அங்கே கதாநாயகி கடை நடுவில் நின்று பேசுவாள், மற்றவர்கள் பின்னால் வந்து நிற்பார்கள், முதலாளி மனம் மாறிவிடுவார். இங்கே முதலில் வாய் திறக்கிற பிள்ளைக்கு அன்று ராத்திரியே கணக்கு முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதனால் முதலில் காகிதம், பேச்சு அப்புறம்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இது 2018லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம்தான் பிறகு இருக்கை வரை போனது. நம் ஊரிலும் இரண்டும் ஒரே பிரச்சினைதான். கழிப்பறை தூரமாக இருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் மூத்திரக் கடுப்பு அடிக்கடி வருகிறது.

மத்தியானம் 3 மணிக்கு எந்தக் கடைக்கும் போய்ப் பாருங்கள். ஆள் வராத நேரம். சேலைப் பிரிவில் நிற்கிற பெண் ஒரு காலை அலமாரியின் கீழ்த்தட்டில் தூக்கி வைத்திருப்பாள், கொஞ்ச நேரத்தில் கால் மாற்றுவாள். சூப்பர்வைசர் டீக்குப் போனால் தூண் மறைவில் அட்டைப்பெட்டி மேல் அரை நிமிடம் உட்காருவாள். நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது, ரத்தம் காலிலேயே தங்கிவிடும். சாயங்காலம் பாதம் வீங்குவதும், வருடக்கணக்கில் போனால் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இதனால்தான். உடுக்கிற துணிக்காக 1822 முதல் 1859 வரை தோள்சீலைப் போராட்டம் நடத்திய மண் இது; அந்தத் துணியை விற்கிற பெண் இப்படி ஒளிந்து உட்கார வேண்டியிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது. முதலில் தங்கை அந்தக் கடையில்தான் வேலை பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ஈஎஸ்ஐ அட்டை, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம், வருகைப் பதிவின் படம், இதில் ஏதாவது ஒன்று. இது இல்லாவிட்டால் "இவ நம்ம கடை ஆளே இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வாட்ஸாப்பில் ஃபைன் பற்றி வந்த செய்தி இருந்தால் அழியாமல் எடுத்து வையுங்கள். முன் அறிவிப்பு இல்லாமல், வாயால் சொல்லி அபராதம் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. முறைப்படி போட்டாலும் மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்து மனு. தனியாகக் கொடுக்கவே வேண்டாம், ஒரு பிரிவு முழுக்கச் சேர வேண்டும். கையெழுத்தை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டால் யார் முதலில் போட்டது என்று தெரியாது. 'போராட்டம்' என்ற சொல்லே வேண்டாம். "எங்கள் பிரிவில் 6 பேர் வேலை செய்கிறோம். 22-ஏ பிரிவின்படி 6 இருக்கைகளை விற்பனை இடத்திலேயே போட்டுத் தரவும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவதைத் தடுக்க வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லவும் கேட்டுக்கொள்கிறோம்." இவ்வளவு போதும். எண்ணிக்கையையும் 'விற்பனை இடத்திலேயே' என்பதையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் மாடி ஸ்டாக் அறையில் இரண்டு நாற்காலி போட்டுவிட்டு, கொடுத்தாயிற்று என்பார்கள். கவுன்டர் மூன்றடி உயரம் என்றால் இரண்டேகால் அடி ஸ்டூல், கால் வைக்க ஒரு கம்பியோடு கேளுங்கள். உட்கார்ந்தபடியே துணியை விரித்துக் காட்டலாம், நடைபாதையையும் அடைக்காது. பிளாஸ்டிக் நாற்காலி கவுன்டருக்குக் கீழே போய்விடும், ஆள் வரும்போதெல்லாம் எழ வேண்டியிருக்கும்.

மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் ஒன்றும் நடக்காவிட்டால், நகலோடு நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் அங்கேதான் அனுப்புவார்கள், ஆனால் மனு எண் கிடைக்கும். 12 மணி நேர வேலையையும் சேர்த்து எழுதுங்கள். நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம்தான். மேலே போனால் இரட்டைச் சம்பளம். 4 மணி நேர வேலைக்குப் பின் 1 மணி நேர இடைவேளையும் உண்டு.

இதை அக்டோபரிலேயே தொடங்குவது நல்லது. நம் மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் வியாபாரம்தான் பெரிது, பழகின கை முதலாளிக்கு அப்போது கட்டாயம் வேண்டும். ஜனவரியில் கேட்டால் "இஷ்டமில்லன்னா போங்க" என்பார்கள்.

வேலையை விட்டு எடுப்பார்களா என்ற பயம் நியாயமானது. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் எடுக்க முடியாது. எடுத்தால் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். 6 மாதம் ஆகாதவர்களைக் கையெழுத்துப் போட வற்புறுத்தாதீர்கள்.

புகார் பெரும்பாலும் சொதப்புவது ஆய்வாளர் வருகிற அன்றுதான். அன்றைக்கு மட்டும் ஸ்டூல் போட்டுவிட்டு மேனேஜர் பக்கத்தில் நிற்க, "உட்கார விடுதாங்களாம்மா?" என்று அவர் கேட்பார். பயத்தில் எல்லோரும் "ஆமா சார்" என்றுவிடுவார்கள். அதோடு கோப்பு மூடப்படும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில் என்று முந்தின நாளே பேசி வையுங்கள்: "ஸ்டூல் இன்னைக்குத்தான் போட்டாங்க சார்."