பனியில் நிற்கும் கார்: படமெடுப்பது எப்படி, அனுப்புவது எப்படி?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "ரொறன்ரோவில் இருக்கும் மகன் தன் காரையும் வீட்டு வாசலையும் பனிக்காலத்தில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். பனி சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தேன், மங்கலாக வந்தது. டிசம்பரில் நானே போகிறேன். எடுக்கும் படங்களைக் கொழும்பில் உள்ள உறவுகளுக்கு அனுப்ப ஆசை. காரின் இலக்கத் தகடு தெரிந்தால் ஆபத்தா?"

பனி சாம்பலாகத் தெரிவது தொலைபேசியின் பழுது அல்ல. எதிரே இருப்பது நடுத்தர வெளிச்சமுள்ள காட்சி என்று வைத்துக்கொண்டே கேமரா ஒளியை அளக்கிறது. புதிதாக விழுந்த பனியோ தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பக்கூடியது. வெளிச்சம் மிஞ்சிவிட்டதாக எண்ணி, கேமரா படத்தை இருட்டாக்கிவிடுகிறது. திரையில் காரின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் பக்கத்தில் சூரியன் போன்ற ஒரு குறி தோன்றும். அதை மெல்ல மேலே தள்ளுங்கள். பனி வெளுத்து வரும், ஆனால் அதன் பொடிப்பொடியான பரப்பு மறையத் தொடங்கும் முன் நிறுத்திவிட வேண்டும். கறுப்புக் கார் என்றால் நிலைமை தலைகீழ்: கறுப்பைத் தொட்டதும் படம் தானாகவே வெளிறும், குறியைக் கீழே இறக்க நேரும்.

நிழலில் கிடக்கும் பனி நீலமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். வானத்தின் நீலம்தான் அதில் விழுகிறது. எனக்கு அது அழகாகவே படுகிறது. பக்கவாட்டில் வெயில் விழும் வேளையில் பனியின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். டிசம்பரில் அங்கே மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாமதிக்காதீர்கள்.

கார் முழுவதையும் தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றே போதும். பிறகு கிட்டப் போங்கள். கண்ணாடியில் உறைந்து ஒட்டாதிருக்க நிமிர்த்தி விட்ட வைப்பர்கள், கூரையில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறிய பனி, தெருவில் தூவும் உப்பு கதவடியில் வெள்ளையாகப் படிந்த கறை, மகன் தூரிகையால் கண்ணாடியைத் துடைக்கும் கை. கொழும்பில் இருப்பவர்கள் பார்க்க ஏங்குவது இவற்றைத்தான். வெறும் வெள்ளை வெளியைக் காட்டும் பத்துப் படங்களைவிட அந்த வைப்பர் படம் ஒன்று அவர்களிடம் அதிகம் பேசும்.

குளிரில் பற்றரி விரைவாக இறங்கும், தொலைபேசியை உட்சட்டைப் பையில் வையுங்கள். தனிக் கேமரா கொண்டு போனால், வீட்டுக்குள் நுழையுமுன் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் போட்டு மூடி, சூடேறும்வரை திறக்காமல் விடுங்கள். ஏசி காரிலிருந்து கொழும்பு வெக்கையில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா, அதே ஈரம் லென்ஸிலும் படியும்.

சட்டம் போட்ட படம் மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் அனுப்பிய விதமே. வழக்கமான முறையில் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. 6க்கு 4 அங்குல அச்சுக்கு அது தாங்கும். 12க்கு 8 அங்குலம் தெளிவாக வர 3600க்கு 2400 பிக்சல் அளவு வேண்டும். அதற்கு மூலப் படத்தையே 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணமாக அனுப்பும்போது படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை வாட்ஸ்அப் நீக்கிவிடும். ஆவணமாகப் போகும் படத்திலோ அது அப்படியே இருக்கும். எடுத்த வீடு எங்கே என்பதைத் திறந்து பார்ப்பவர் அறியலாம். ஆகவே ஆவணமாக அனுப்புவதை ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும் உறவினர் ஒருவரோடு நிறுத்துங்கள், அல்லது கேமரா அமைப்பில் இடப்பதிவை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

இலக்கத் தகடு தெருவில் போகிற எவர் கண்ணிலும் படுவதுதான். நெருங்கிய குடும்பத்துக்குள் அது தெரிவதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போடும்போது தகடு, வாசலில் உள்ள வீட்டு இலக்கம், வீதிப் பெயர் மூன்றும் ஒரே படத்தில் சேர விடாதீர்கள். காரின் பக்கவாட்டில் நின்று எடுத்தாலே தகடு மறைந்துவிடும். மகன் குடும்பத்தோடு கொழும்புக்கு வரும்போது "ஒரு மாதம் இங்கேதான்" என்று எழுதி அந்த வாசல் படத்தைப் போடுவதை நான் இதைவிடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். அந்தப் படங்களை அவர்கள் ரொறன்ரோ திரும்பிய பிறகு போடுங்கள்.