உங்கள் ஊர்க் கணக்கு எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

(மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், கணக்கெடுப்பு பற்றி வரும் கடிதங்களை ஆசிரியர் எனக்கே அனுப்பிவிடுகிறார். இந்த இதழுக்கு அவற்றில் சில.)

எங்கள் ஊரில் சம்பா நெல் மழையில் மூழ்கிப் போனது. பக்கத்துக் கிராமத்துக்குப் பயிர்க் காப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை. கேட்டால், "மகசூல் கணக்குப்படி உங்கள் ஊருக்கு இழப்பு இல்லை" என்கிறார்கள். அந்தக் கணக்கை யார் எடுத்தது? நாங்கள் பார்க்க முடியாதா?
– ஒரு விவசாயி, மன்னார்குடி

பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பு பொதுவாகத் தனித்தனி வயலுக்குப் பார்க்கப்படுவதில்லை. ஊருக்கே ஒரு சராசரி மகசூல் எடுக்கிறார்கள். அது பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைப்பது. சில புல எண்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாக்கில் இத்தனை அடிவைப்பு, அகலவாக்கில் இத்தனை என்று அதையும் குலுக்கல் எண்ணை வைத்தே நடந்து முளை அடிப்போம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். கயிற்றுக்கு மேலே சாய்ந்து நிற்கும் கதிர் உள்ளே சேருமா, வெளியே போகுமா என்பதற்குக்கூட விதி உண்டு. நின்று பார்த்தால் மனசு பதறும் வேலை அது. அந்தச் சின்னச் சதுரத்தில் விழும் நெல் ஒரு ஊருக்கே பேசப்போகிறது.

அடுத்தது உறுதி மகசூல். கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, திட்டத்தில் சொன்ன சதவீதத்தால் பெருக்குவார்கள். எடுத்துக்காட்டுக்கு, உறுதி மகசூல் ஹெக்டேருக்கு 4,000 கிலோ, இந்த ஆண்டு சராசரி 3,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகையிலும் கால் பங்கு உங்களுக்கு வரவேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. ஆனால் அந்த இரண்டு எண்ணும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் வயல் பள்ளத்தில் இருந்து, தேர்வான வயல்கள் மேட்டில் இருந்திருந்தால், கணக்கு சரியாகவே எடுக்கப்பட்டிருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. எந்தப் புல எண்கள் என்று தெரிந்தால்தான் அதையாவது கேட்க முடியும்.

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வேளாண்மைத் துறை, புள்ளியியல் துறை இரண்டின் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலர்களுக்கும் எழுதுங்கள். கேட்க வேண்டியவை: பரிசோதனை நடந்த புல எண்கள், தேதி, ஒவ்வொன்றிலும் கிடைத்த எடை, உங்கள் ஊரின் உறுதி மகசூல். 30 நாளில் பதில் வரவேண்டும். அடுத்த சம்பாவில் பரிசோதனை நடக்கும் நாளில் வயலில் போய் நில்லுங்கள். என்னைக் கேட்டால், எடை போட்ட அன்று சாயங்காலமே அந்த எண்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும்.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் "யாரையும் விட்டுவிடக் கூடாது" என்று படித்தோம். கணக்கெடுப்பில் ஒருவர் எப்படி விடுபடுவார்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

2015-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்தப் பட்டியலில் 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 குறியிலக்குகள். அதில் 17.18-ஐ எடுத்துப் பாருங்கள். வருமானம், பாலினம், வயது, இனம், புலம்பெயர்வு, மாற்றுத்திறன், இடம் என்று பிரித்துப் பார்க்கும்படி தரவு வேண்டும் என்று சொல்கிறது.

பிரிக்க வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டுமே! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உலக அளவு சுமார் 16 சதவீதம். இரண்டும் ஒரே வரையறையில் எடுத்தவை அல்ல, நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் கேட்கும் விதமும் ஒரு காரணம் என்பதை வாசலில் நின்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "உங்க வீட்ல மாற்றுத்திறனாளி யாராச்சும் இருக்காங்களா?" என்றால், "அதெல்லாம் இல்லீங்க" என்று பதில் வரும். உள்ளே திண்ணையில் காது கேட்காத மாமியார் உட்கார்ந்திருப்பார். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்பது வீட்டாரின் எண்ணம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் வாயே திறக்க மாட்டார்கள்.

இதற்கு வாஷிங்டன் குழு என்ற அமைப்பு ஆறு கேள்விகள் வைத்திருக்கிறது. 2001-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் உருவானது. "கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் இருக்கிறதா?" என்று தொடங்கி, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, குளித்து உடுத்துவது, பேசிப் புரியவைப்பது என்று போகும். பதில் நான்கு: சிரமம் இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. ஊனம் என்ற பேச்சே எடுக்க வேண்டாம். "ரொம்பச் சிரமம்தான் தாயி, மாடிப்படி ஏறவே முடியல" என்று அந்தப் பெரியம்மாவே சொல்லிவிடுவார். ஆனால் அவரையே கேட்க வேண்டும், மகனைக் கேட்டால் போதாது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் பெயருக்கு நேரே "வேலை இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். காலை நான்கரைக்கு எழுந்திருக்கிறேன்!
– சுயஉதவிக் குழு உறுப்பினர், விழுப்புரம்

உங்கள் கோபம் நியாயமானது. வேலை பற்றிய வழக்கமான படிவத்தில் வீட்டு வேலைக்குத் தனிக் குறியீடு உண்டு, ஆனால் அது தொழிலாளர் கணக்கில் சேராது. அதற்காகவே 2019-இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. முந்தின நாள் விடியற்காலை நான்கு மணியிலிருந்து 24 மணி நேரத்தை அரை அரை மணியாகப் பிரித்து, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் நான்கரை மணி அதில் இரண்டாவது கட்டம். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், அந்த வேலையில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தபோது 289-க்கு 88. குழுக் கூட்டத்தில் இந்த எண்களைச் சொல்லுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் இப்படி ஒரு கணக்கு கிடைத்தால், குழந்தைகள் காப்பகம் எங்கே வேண்டும், தண்ணீர்க் குழாய் எங்கே வேண்டும் என்று அதிகாரிகளிடம் பேச நமக்குப் பிடிமானம் இருக்கும்.

எல்லாமே அரசு இணையதளத்தில் இருக்கிறதே, இன்னும் என்ன திறக்க வேண்டும்?
– மென்பொருள் ஊழியர், கோவை

இருப்பது உண்மை. ஆனால் பாதி, ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோணலாக வைத்து எடுத்த பக்கத்தில் 3-ஆ 8-ஆ என்றே தெரியாது. பழைய கோப்பைத் திறந்தால் பழைய தமிழ் எழுத்துருவில் கட்டம் கட்டமாக வரும். அதை வைத்துக்கொண்டு நீங்களே ஒரு கூட்டல் போட முடியாது.

முழுசாகத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் சாட்சி. ஒரு படம் சுமார் 600 டாலருக்கு விற்றது. 2008-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அவற்றை இலவசமாக்கியது. 2013-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் ஆறரை லட்சம் படங்களுக்கு மேல் வைத்து உலகக் காடுகளின் மாற்றத்தை வரைபடமாக்கினார்கள். பழைய விலையில் அதற்கு 39 கோடி டாலர் ஆகியிருக்கும், யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஆனாலும் எனக்கு நெருக்கமான உதாரணம் ராஜஸ்தான். 1990-இல் தொடங்கிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்–விவசாயிகள் அமைப்பு, 1994-இல் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் செலவுக் கணக்கை ஊர் நடுவே வைத்து உரக்கப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட எழுந்து, "இந்த வேலை நடக்கவே இல்லை" என்று சொல்ல முடிந்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கே அங்கிருந்துதான் வழி பிறந்தது. 2019-இல் அதே மாநிலம் ஜன் சூசனா என்ற தளத்தில் ஊர்வாரியாகத் தகவலைப் போடத் தொடங்கியது. இணையம் நல்லது. ஊர்க்கூட்டத்தில் வாய்விட்டுப் படிப்பதும் கூடவே நடக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் நம் நோயும் சாதியும் ஊருக்கே தெரிந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

தெரியக் கூடாது. 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம், நீதிமன்றத்தில் சான்றாகக்கூட அதை வைக்க முடியாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் தவறு. ஒரு குக்கிராமத்தில் ஒரே ஒரு திருநங்கை இருந்தால், பெயரில்லாத எண்ணே அவரைக் காட்டிக்கொடுக்கும். அந்த மாதிரி இடத்தில் எண்ணை மறைத்து, வட்டார அளவில் சேர்த்துத்தான் வெளியிட வேண்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நாங்கள் என்ன செய்யலாம்?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், தர்மபுரி

2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக, அதாவது எந்த நாள் நிலவரப்படி எண்ணுகிறார்களோ அந்த நாளாக, அறிவித்திருக்கிறார்கள். இவ்வளவு காலமும் 2011 எண்களை வைத்தே திட்டம் போட்டோம் என்பதால் இந்த முறை ஒருவரும் விடுபடக் கூடாது. உங்கள் வார்டின் எல்லை கணக்கெடுப்பாளரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். செங்கல் சூளைக் கொட்டகை, கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகர ஷெட், கோழிப்பண்ணைக்குப் பின்னால் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர் அறை, பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர்கள் எல்லோரையும் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீடற்றவர்களை 2011-இல் பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். இம்முறை எந்த இரவு என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு, அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு கணக்கெடுப்பாளருடன் போங்கள்.