சிலிண்டர் சிங்காநல்லூர்ல, ஓடிபி தாஷ்கண்ட்டுல!

அக்கா, வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில் மெஷின் செய்யற கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியர், வேலை மாறி கோயம்புத்தூர் வந்து சிங்காநல்லூர்ல வாடகைக்கு வீடு எடுத்தோம், பால் காய்ச்சி ஒரு மாசம் கூட ஆகல அவரை உஸ்பெகிஸ்தான் அனுப்பிட்டாங்க, அங்க புது மில்லுல மெஷின் மாட்டி ஓட்டிக் குடுத்துட்டுத்தான் வரணுமாம், வந்தா பத்து நாள் இருப்பாரு அடுத்து பங்களாதேஷ்ங்கிறாரு. நானும் அஞ்சு வயசுப் பையனும்தான். போன வாரம் சிலிண்டர் வந்துச்சு, டெலிவரிக்காரர் ஓடிபி கேட்டாரு, அது வீட்டுக்காரர் போனுக்குப் போயிருக்கு, அவர் எடுக்கவே இல்ல. நம்பர் சொல்லாம குடுக்க முடியாதுங்கன்னு சிலிண்டரைத் திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டாரு. கீழ்வீட்டு அம்மா, "என்னங் கண்ணு, கொண்டாந்ததைக் கொண்டுட்டே போறான்"னு கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாமியார் பேசாம ஊருக்கு வந்துரு, அவன் வந்தப்புறம் போய்க்கலாம்ங்கிறாங்க. போயிரவா?
– பெயர் வேண்டாம், கோவை

தங்கச்சி, ஊருக்குப் போறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் பேசலாம், முதல்ல அந்த சிலிண்டருக்கு வாங்க. உங்க வீடு இருக்கிறது சிங்காநல்லூர்ல, ஆனா வீட்டோட போன் நம்பர் இருக்கிறது தாஷ்கண்ட்டுல. கேஸ் மட்டும்தான்னு நினைக்காதீங்க, ஹவுஸ் ஓனர் யாருக்கு போன் பண்றாரு, பையன் ஸ்கூல் மெசேஜ் யாருக்கு வருது, தெரு வாட்ஸ்அப் குரூப்ல யார் நம்பர் இருக்குன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எல்லாமே அவர்தான்னு பந்தயம் கட்டுவேன். நாளைக்குத் தண்ணி வராதுங்கிற செய்தி உஸ்பெகிஸ்தான் போயிட்டு அங்கருந்து உங்களுக்கு வரணும்னா இந்த ஊர் எப்படிப் பழகும், அது உங்ககிட்ட இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!

வெளிநாடு போற ஆம்பளைங்க பெட்டி அடுக்க ஒரு வாரம் எடுத்துக்கிறாங்க, ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் சுத்தறதுல காட்டற அக்கறையில பாதியை வீட்டு நம்பர் மாத்தறதுல காட்டினா போதும், செய்ய மாட்டாங்க. சரி விடுங்க, நீங்களே செஞ்சுருங்க. கேஸ் புக்கு, உங்க ஆதார், அவர் ஆதார் ஜெராக்ஸ், கூடவே அவர் கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டர் (போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி பிரிண்ட் போட்டுக்கோங்க), இதையெல்லாம் எடுத்துட்டு ஏஜென்சிக்குப் போய் மொபைல் நம்பரை மாத்தணும்னு சொல்லுங்க. கனெக்ஷன் அவர் பேர்லயே இருக்கட்டும், நம்பர் உங்களுதா இருந்தா போதும். அதுவரைக்கும் அவர் இந்திய சிம்முல இன்டர்நேஷனல் ரோமிங் ஆன்ல இருக்கணும், இல்லேன்னா மெசேஜே போய்ச் சேராது. வேலை முடிச்சு வெளிய வந்ததும் முதல்ல மெசேஜைப் பாருங்கன்னு சொல்லி வைங்க. போன் எடுக்கலைன்னு கோவப்படாதீங்கம்மா, ஸ்பின்னிங் மில்லுக்குள்ள ரிங் ஃப்ரேம் ஓடும்போது பக்கத்துல நிக்கிறவர் கத்தினாலே காதுல விழாது, இதுல பாக்கெட்ல இருக்கிற போன் எங்க கேக்கும். உஸ்பெகிஸ்தான் நமக்கு வெறும் அரை மணி நேரம்தான் பின்னாடி, அதனால ராத்திரி சாப்பாட்டு நேரத்தை ரெண்டு பேருக்கும் பொதுவா வச்சுக்கலாம், அமெரிக்கா போனவங்க வீட்டுல இந்தக் கொடுப்பினை கிடையாது.

வாடகை அக்ரிமெண்ட் அவர் பேர்ல மட்டும்தான் இருக்கும், அடுத்து புதுப்பிக்கும்போது உங்க பேரையும் சேர்க்கச் சொல்லுங்க, இந்த ஊர்ல உங்களுக்குன்னு ஒரு அட்ரஸ் ப்ரூஃப் வேணுமே, பின்னாடி ஆதார்ல அட்ரஸ் மாத்தறதுக்கும் உதவும். இபி சர்வீஸ் நம்பரை மீட்டர் பெட்டியில இருந்து போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, 2 மாசத்துக்கு ஒரு பில்லு, நீங்களே கட்டுங்க. கரண்ட் போச்சுன்னா மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பாங்க, நடுராத்திரி அவருக்கு போன் போட்டு அவர் ஓனருக்குப் போட்டு ஓனர் வேற யாருக்கோ போடற வேலையே வேண்டாம். பிறகு தண்ணி. கோயம்புத்தூர்ல நல்ல தண்ணி தனி, உப்புத் தண்ணி தனி, குடிக்கிற தண்ணி தினம் வராது, உங்க தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா எத்தனை மணிக்குங்கிறது கூகுளுக்கும் தெரியாது, தெரிஞ்சது கீழ்வீட்டு அம்மாவுக்குத்தான். அவங்க கேட்டதும் அழுகையே வந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அது அழற விஷயமாத் தோணலம்மா, சிலிண்டர் போனதைப் பாத்துட்டு சும்மா உள்ள போகாம கண்ணுன்னு கூப்பிட்டுக் கேட்டிருக்காங்களே, அந்த வாசல் திறந்துதான் இருக்கு. தண்ணி என்னிக்கு வரும்னு கேக்கற சாக்குல போங்க, அப்படியே காலையில சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போறப்ப நானும் வரட்டுமான்னு கேளுங்க. டவுன் பஸ்ல சாதாரண கட்டணப் பஸ்ஸா பாத்து ஏறினா பொம்பளைங்க நமக்குக் காசு கிடையாது, 2021லருந்தே அப்படித்தான், அதனால சும்மாவாச்சும் ஒரு நாள் பையனைக் கூட்டிட்டுக் காந்திபுரம் வரைக்கும் போயிட்டு வாங்க, பஸ் ஜன்னல்ல பாத்தாதான் ஊர் மனசுல பதியும். லீவு நாள்ல அவனை வஉசி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க, பீளமேடு கொடிசியா பக்கத்துல இருக்கிற அறிவியல் மையத்துக்கும் போகலாம், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கணும், அங்க அதுக்கு இடம் இருக்கு.

அவர் ஊர்ல இல்லங்கிறதைக் கீழ்வீட்டு அம்மாவுக்குத் தெரியப்படுத்துங்க, தெருவுக்கே சொல்ல வேண்டாம். கொரியர் பையன்கிட்ட "அவரு வெளிநாட்டுல இருக்காரு"ன்னு சொல்றது, ஏர்போர்ட் போட்டோவை ஸ்டேட்டஸ் போடறது, ரெண்டும் தேவையில்லாத வேலை. ராத்திரி ஏதாவது பயமா இருந்தா 112, பெண்கள் உதவிக்கு 181, ரெண்டையும் போன்ல சேவ் பண்ணி வைங்க.

இப்ப மாமியார் விஷயம். அவங்க தப்பா எதுவும் சொல்லல, பேரனை நினைச்சுக் கவலை. ஆனா நான் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன், பையனுக்கு இப்பத்தான் ஸ்கூல் பழகுது, அதுவும் போக அவர் பத்து நாள் லீவுல வந்தா எந்த வீட்டுக்கு வருவாரு, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கா? ஒவ்வொரு ட்ரிப்புக்கும் நீங்க ஊருக்குப் போயிட்டு வந்தா ரெண்டு வருஷம் கழிச்சும் கோயம்புத்தூர்ல வாடகை மட்டும்தான் குடுத்திருப்பீங்க. பதிலுக்கு அத்தையை இங்க கூப்பிடுங்க, "நீங்க வந்து ஒரு மாசம் இருங்க, எனக்கும் துணை"ன்னு சொன்னா எந்த மாமியாருக்கும் மனசு குளிரும், வந்து சிறுவாணித் தண்ணியைக் குடிச்சுட்டு அவங்களே திரும்பிப் போக யோசிப்பாங்க பாருங்க. நம்ம தாமிரபரணியை விடவான்னு ஒரு சண்டை போடுவாங்க, போடட்டும். காலாண்டு லீவுக்கு நீங்க போங்க, தெக்க போற பஸ் உங்க சிங்காநல்லூர் ஸ்டாண்டுலயே ஏறிக்கலாம்.

*

அக்கா, என் கணவர் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல சவுதி போறார். குழந்தைகள் படிப்புக்காக நாங்க கிராமத்துல இருந்து மதுரைக்குக் குடி வந்திருக்கோம். பேங்க் விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது, கிளம்பறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?
– வாசகி, மதுரை

மேல இருக்கிற தங்கச்சி வீட்டுக்காரர் மாதிரி மெஷின் மாட்டிட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு இது பொருந்தாது, ஆனா வேலைக்குன்னே வெளிநாடு போறவர் இங்க தன் பேர்ல இருக்கிற சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ அக்கவுண்ட்டா (வெளிநாட்டுல இருக்கிறவங்க இந்தியாவுல வர்ற பணத்துக்கு வச்சுக்கிற கணக்கு) மாத்தணும், இது சட்டம், பாதிப் பேர் செய்யறதில்ல. அங்கருந்து சம்பளம் அனுப்ப என்ஆர்இ அக்கவுண்ட் தனியா ஆரம்பிச்சா அதுல வர்ற வட்டிக்கு இங்க வரி இல்ல. நீங்க உங்க பேர்ல தனியா ஒரு அக்கவுண்ட், உங்க நம்பர்ல ஓடிபி வர்ற மாதிரி வச்சுக்கோங்க, வீட்டுச் செலவு அதுக்கு வரட்டும். அவர் அக்கவுண்ட்ல நீங்க பணம் எடுக்கணும்னா பேங்க்லயே மேண்டேட் லெட்டர் குடுப்பாங்க, அவர் கையெழுத்து வேணும், அதை விமானம் ஏறுறதுக்கு முன்னாடி முடிங்க.

வீடு, நிலம் சம்பந்தமா ஏதாவது வேலை இருந்தா பவர் பத்திரமும் இப்பவே எழுதிருங்க. அங்க போனப்புறம் எழுதினா ரியாத்துல இருக்கிற நம்ம தூதரகத்துலயோ ஜெட்டா துணைத் தூதரகத்துலயோ போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பி, அது இந்தியா வந்த 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரைத் தீர்வை கட்டணும், லீவு கிடைக்காத மனுஷனுக்கு அது பெரிய அலைச்சல். இன்னொன்னு, பத்தாவது பாஸ் பண்ணாதவர்னா பாஸ்போர்ட்ல இசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்ங்கிற குறிப்பு) இருக்கும், சவுதிக்கு அந்த அனுமதி, அதாவது எமிக்ரேஷன் கிளியரன்ஸ், வேணும், ஏஜென்ட் பதிவு பண்ணினவரான்னு அரசோட இ-மைக்ரேட் தளத்துல பாத்துட்டுப் பணம் குடுங்க. விசிட் விசாவுல போயிருங்க அங்க மாத்திக்கலாம்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீங்க.

*

மேடம், ஆண்கள் எழுதலாமான்னு தெரியல. மனைவி நர்ஸ், குவைத் போயிருக்காங்க. எனக்குத் திருச்சிக்கு டிரான்ஸ்ஃபர், 11 வயசுப் பொண்ணோட வந்திருக்கேன். இங்க சொந்தம்னு யாரும் இல்ல. பொண்ணு எப்ப வேணா பெரியவளாகலாம், அன்னிக்கு நான் என்ன செய்யறதுன்னு நினைச்சாலே பயமா இருக்கு.
– வாசகர், திருச்சி

தாராளமா எழுதலாம் தம்பி. அந்த நாளுக்காகக் காத்திருக்காதீங்க, பேச்சை இப்பவே ஆரம்பிங்க. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னாடி, அவங்க ஷிஃப்ட் இல்லாத ஒரு நாள் அம்மாவும் பொண்ணும் வீடியோ கால்ல தனியா பேசட்டும், அம்மாவே நர்ஸ், இதை விட நல்லா யார் சொல்லிக் குடுக்கப் போறா. நீங்க அந்த நேரம் கடைக்குப் போங்க, போற இடத்துல நாப்கின் பாக்கெட் வாங்குங்க, பேப்பர்ல சுத்தி கறுப்புக் கவர்ல மறைச்செல்லாம் கொண்டு வராதீங்க, சோப்பு பேஸ்ட்டோட சேர்த்து பாத்ரூம் அலமாரியில வைங்க, அவ பாத்துக்குவா. ஸ்கூல் பேக்ல ஒண்ணு ரெண்டு இருக்கட்டும். கிளாஸ் டீச்சரைப் பாத்து வீட்டு நிலைமையை ஒரு தடவை சொல்லிட்டு வாங்க, ஸ்கூல்ல இருக்கும்போது பெரியவளாயிட்டா அவங்கதானே முதல்ல கைகுடுக்கணும்.

உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், பொண்ணு உங்ககிட்ட "அப்பா வயிறு வலிக்குது"ன்னு வந்து சொன்னா உடனே அம்மாவுக்கு போன் போட ஓடாதீங்க. முதல்ல சூடா ஏதாவது குடிக்கக் குடுத்து என்னன்னு நீங்களே கேளுங்க. சடங்கு, ஃபங்ஷன் எல்லாம் அம்மா லீவுக்கு வரும்போது வச்சுக்கலாமா, வைக்கணுமாங்கிறதை மூணு பேரும் சேர்ந்து பேசிக்கோங்க, மண்டபம் புக் பண்ணணும்னு சொந்தக்காரங்க போன் போட்டா அவசரம் இல்லைன்னு சொல்லி வச்சுருங்க.